பி.டி. சார் ஆடிய ஐஸ் ஹாக்கி

ராஜாராமின் முட்டி போனது உளுந்துச் செடியால். வல்லத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் அவன் பி.டி. மாஸ்டர். போன மாசியில் ஒரு நாள் பள்ளி விட்டு செஞ்சிக்குத் திரும்பி வரும்போது, வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று யாரோ ரோட்டில் பரப்பியிருந்த உளுந்துச் செடிமேல் அவனுடைய பைக் வழுக்கியது. பைக்குக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவனுக்கு வலது முட்டியில் ஜவ்வு கிழிந்துவிட்டது.

புதுச்சேரியில் ஆபரேஷன் செய்த டாக்டர், மூன்று மாதம் வீட்டை விட்டு நகரக் கூடாது என்றார்.

"அப்புறம் ஓடலாமா சார்?"

"நடக்கலாம்" என்றார் டாக்டர். உடனே அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

ராஜாராமுக்கு அப்போது நாற்பத்துநான்கு வயது. படிக்கிற காலத்தில் இரண்டு வருஷம் மாவட்ட அணிக்கு ஹாக்கி ஆடியவன். சென்டர் ஹாஃப். எழுபது நிமிஷ ஆட்டத்தில் ஒரு நிமிஷம்கூட வெளியே வந்து உட்கார்ந்ததில்லை என்பதை இன்றைக்கும் சொல்லிக்கொள்வான். பள்ளியிலும் கிரிக்கெட் கேட்ட பிள்ளைகளிடம் மல்லுக்கு நின்று, ஒரு ஹாக்கி அணியை உண்டாக்கி வைத்திருந்தான். அப்படிப்பட்டவன், வார நாளில் காலை பத்து மணிக்கு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

வீட்டில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள். மகள் பூங்குழலி புதுச்சேரியில் நர்சிங் படித்துக்கொண்டு ஹாஸ்டலில் இருந்தாள். மனைவி ரஞ்சனி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவள். காலை ஆறரைக்கு பஸ் ஸ்டாண்டில் முதல் டிரிப் எடுத்தால் மதியம் இரண்டு மணிக்குத்தான் சாப்பிட வருவாள். பிறகு நான்கிலிருந்து ஏழு வரை மறுபடி. அமாவாசை வந்தால் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் அவளை அன்று முழுக்கப் பார்க்க முடியாது.

இரண்டு வாரத்தில் ராஜாராம் எதற்கெடுத்தாலும் எரிந்துவிழ ஆரம்பித்துவிட்டான். சாம்பாரில் உப்பு இல்லை, ஃபேன் சத்தம் போடுது, எதிர்வீட்டுக்காரர் ஹாரன் அடிக்கிறார். ரஞ்சனி தன் தம்பி விமல்ராஜுக்குப் போன் போட்டு, "உங்க மாமாவுக்குப் பொழுது போற மாதிரி எதனா எடுத்துக்கினு வாடா" என்றாள்.

புதுச்சேரியில் வேலை பார்க்கும் விமல்ராஜ், அந்த ஊர் ஞாயிறு சந்தையில் ஒரு பழைய கேம் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தான். கறுப்பு நிறம், இரண்டு ரிமோட், மூன்று கேசட். இரண்டு கேசட் போட்டால் திரை கறுப்பாகவே இருந்தது. மூன்றாவது ஓடியது.

"மாமா, உங்களுக்குன்னே மாட்டிச்சு பாருங்க. ஹாக்கி!"

ராஜாராம் நிமிர்ந்து உட்கார்ந்தான். டி.வி.யில் வெள்ளைத் தரை தெரிந்தது. சுற்றிலும் இடுப்புயரச் சுவர். உள்ளே குட்டிக் குட்டி ஆட்கள் தடித்த சட்டை போட்டு வழுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாடா இது, தரையெல்லாம் வெள்ளையா இருக்குது?"

"ஐஸ் மாமா. இது ஐஸ் ஹாக்கி. முப்பது வருஷத்துப் பழைய கேம். அந்தக் காலத்துல வெளிநாட்டுல இதுக்கு அடிச்சிக்கினு ஆடுவாங்களாம்."

"பந்து எங்க?"

"பந்து கெடையாது. கறுப்பா தட்டையா ஒரு வட்டு இருக்குது பாருங்க, அதுதான்."

விமல்ராஜ் பட்டன்களைக் காட்டிக் கொடுத்தான். பி பட்டனை அமுக்கினால் பாஸ். சி பட்டன் ஷாட். வட்டு நம்மிடம் இல்லாதபோது அதே பட்டன் எதிரியைப் போய் இடிக்கும். ஏ பட்டனை அமுக்கினால் களைத்துப்போன ஐந்து பேரும் உள்ளே போய், வேறு ஐந்து பேர் வருவார்கள். கோல் காக்கும் கோலி தானாகவே ஆடிக்கொள்வான். ஆட்டம் மூன்று பாகம், ஒவ்வொன்றும் ஐந்து நிமிஷம். இவ்வளவையும் சொல்லிவிட்டு அவன் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டான்.

ராஜாராம் தனியாக கம்ப்யூட்டரை எதிர்த்து முதல் ஆட்டத்தைத் தொடங்கினான். நடுவர் வட்டைப் போட்டார். அவன் ஆள் வட்டை எடுத்து ஓடினான். நிறுத்துவதற்காகப் பட்டனிலிருந்து விரலை எடுத்தும் அவன் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே போய்ச் சுவரில் மோதினான். வட்டு எதிரிக்குப் போய்விட்டது. எதிரி கோலுக்குப் பின்னால் போனான்.

"அவுட்!" என்று ராஜாராம் கத்தினான்.

யாரும் விசில் ஊதவில்லை. இந்த ஆட்டத்தில் கோலுக்குப் பின்னாலும் தரை இருந்தது, அங்கேயும் ஆடலாம். எதிரி பின்பக்கமாகச் சுற்றி வந்து மட்டையின் மறுபக்கத்தால் வட்டை உள்ளே தள்ளினான். சைரன் அலறியது. ராஜாராம் விளையாடிய ஹாக்கியில் மட்டையின் மறுபக்கத்தால் தொட்டாலே ஃபவுல்.

அவன் தன் பழக்கப்படி பின்னாலிருந்து வட்டை நீளமாக அடித்து அனுப்பினான். விசில். அப்படி அடித்தால் ஐசிங்காம். வட்டை மறுபடி அவன் கோல் பக்கமே கொண்டுவந்து போட்டார்கள். தன் ஆளை முன்னால் அனுப்பி அவனுக்குப் பாஸ் கொடுத்தான். விசில். நீலக் கோட்டை வட்டு தாண்டுவதற்கு முன்னால் ஆள் தாண்டினால் ஆஃப்சைடு. உண்மையான ஹாக்கியில் ஆஃப்சைடையே எடுத்துவிட்டுப் பல வருஷமாகிறது. கோபத்தில் சி பட்டனை மாறி மாறிக் குத்தினான். அவன் ஆள் யாரையோ மட்டையால் அடித்துச் சாய்த்தான். விசில். இரண்டு நிமிஷம் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் தண்டனை. மீதி நான்கு பேரை வைத்துக்கொண்டு அவன் மேலும் இரண்டு கோல் வாங்கினான்.

அன்றைக்கு எட்டுக்கு பூஜ்யம்.

மதியம் சாப்பிட வந்த ரஞ்சனி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். கைகழுவிவிட்டு வந்து இரண்டாவது ரிமோட்டை எடுத்தாள்.

"உனக்கு ஹாக்கி தெரியாதே" என்றான் ராஜாராம்.

"தெரியாட்டி இன்னா, நீங்க சொல்லிக் குடுங்க."

சொல்லிக் கொடுப்பதற்குள் மூன்று கோல் போட்டுவிட்டாள். ஆட்டம் முடியும்போது ஆறுக்கு பூஜ்யம்.

"எப்பிடி நிறுத்துற? என் ஆளு நிக்கவே மாட்டறான்."

"மழை நேரத்துல ஆட்டோ ஓட்டுற மாதிரிதாங்க இருக்குது. திருப்பத்துல வந்து பிரேக் புடிச்சா சறுக்கிக்கினு போய்டும். முன்னாடியே எதிர்ப் பக்கம் திருப்பிடணும்."

அது மட்டும் இல்லை. மலையனூர்க் கூட்டத்தில் இரண்டு பஸ்ஸுக்கு நடுவே ஆட்டோவை நுழைக்கிறவளுக்கு, இரண்டு தடியர்களுக்கு நடுவே எந்த இடத்தில் சந்து திறக்கும் என்று திறப்பதற்கு முன்பே தெரிந்தது. வட்டைச் சுவரில் அடித்துத் தனக்கே திரும்பி வாங்கிக்கொண்டாள். ஆட்களுடைய பெயருக்குக் கீழே பச்சையாக இருக்கும் கோடு சிவப்பாக மாறினால் அவர்கள் களைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். உடனே ஏ பட்டனை அமுக்கி வேறு ஆட்களை இறக்கினாள். ராஜாராம் அந்தப் பட்டனைத் தொடவே மாட்டான்.

"ஆளை மாத்துங்க. மூச்சு வாங்குறாங்க பாருங்க."

"நல்ல ஆட்டக்காரன் கடைசி வரைக்கும் நிப்பான்."

"நிக்கத்தான் செய்யறான். ஓடலையே."

தினமும் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு ஓர் ஆட்டம் என்று ஆகிவிட்டது. தினமும் அவன் தோற்றான். ஐந்துக்கு ஒன்று, ஏழுக்கு இரண்டு, நான்குக்கு பூஜ்யம். அவள் ஜெயித்துவிட்டு ரிமோட்டை வைத்துவிட்டு ஆட்டோவுக்கு டீசல் போடப் போய்விடுவாள். அவன் மட்டும் உட்கார்ந்து, ஆட்டம் காட்டுகிற ரீப்ளேயில் தான் வாங்கிய கோலைத் திரும்பத் திரும்பப் பார்ப்பான். இருபது வருஷம் விசில் ஊதியவன், ஒரு பெட்டிக்குள்ளிருந்து வருகிற விசிலுக்கு நடுங்க ஆரம்பித்தான். விசில் கேட்டால் பெரும்பாலும் அது அவனுக்காகத்தான் இருக்கும்.

சித்திரைக் கடைசியில் பள்ளியிலிருந்து போன் வந்தது. முதல்வர் சுற்றி வளைத்துத்தான் பேசினார். உடம்பு எப்படி இருக்கிறது, டாக்டர் என்ன சொல்கிறார் என்றெல்லாம் கேட்டுவிட்டு, வருகிற ஜூனிலிருந்து கராத்தேயும் யோகாவும் சொல்லித்தர ஒரு மாஸ்டரை எடுத்திருப்பதாகச் சொன்னார். ஹாக்கிக்குப் பிள்ளைகளும் சேர்வதில்லை. கிரவுண்டில் பாதியை வேன் நிறுத்த எடுத்துக்கொள்ளப் போகிறார்கள்.

"உங்களை நாங்க விட்டுட மாட்டோம் சார். வேன் இன்சார்ஜ் போட்டிருக்கேன். ஒக்காந்த எடத்துலயே பாத்துக்கலாம்."

ராஜாராம் "சரிங்க சார்" என்று சொல்லி வைத்துவிட்டான். அதைத் தவிர வேறு எதுவும் சொல்ல வரவில்லையே என்று அந்த மதியம் முழுக்கத் தன்மேலேயே அவனுக்கு ஆத்திரம்.

அன்று ரஞ்சனி சாயங்கால டிரிப்பைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு ஆறு மணிக்கே வந்தாள். அவன் போன் விஷயத்தைச் சொல்லவில்லை. "ஒரு ஆட்டம் ஆடலாம் வா" என்றான்.

அன்றைக்கென்று அவன் நன்றாக ஆடினான். முதல் பாகத்தில் இரண்டு கோல். மூன்றாவது பாகத்தில் ஒன்று. கடைசி நிமிஷம் வந்தபோது மூன்றுக்கு இரண்டு என்று அவன் முன்னால் இருந்தான். இத்தனை நாளில் அது முதல் தடவை. திரையில் கூட்டத்தின் இரைச்சல் ஏறியது. இருபது வினாடி இருக்கும்போது அவன் பின்னாலிருந்து வட்டை நீளமாக அடித்து அனுப்பினான். ஐசிங். விசில்.

வட்டு அவன் கோலுக்குப் பக்கத்தில் போடப்பட்டது. ரஞ்சனி தன் கோலியையே வெளியே எடுத்துவிட்டு ஆறாவது ஆளை இறக்கினாள். அப்படிச் செய்யலாம் என்பதே ராஜாராமுக்குத் தெரியாது. நான்கு வினாடி மிச்சம் இருக்கும்போது சமன். கூடுதல் நேரத்தில் அவள் ஆள் கோலுக்குப் பின்னால் போனான். ராஜாராமின் ஆட்கள் ஐந்து பேரும் சிவந்த கோடுகளோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள். சைரன் அலறியது.

ராஜாராம் பெட்டியிலிருந்து கேசட்டைப் பிடுங்கி பீரோ மேல் எறிந்தான். டங்கென்று சத்தம் கேட்டது. கேசட்டின் ஓடு பிளந்து தரையில் விழுந்தது.

ரஞ்சனி அதை எடுத்தாள். இரண்டு பாதியையும் அமுக்கிச் சேர்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் எழுந்து உலை வைக்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஐந்தேகாலுக்கு ராஜாராம் கண் விழித்தான். முன்னறையில் அந்தக் கேமின் ஆரம்பப் பாட்டு ஒலித்தது. நின்றது. மறுபடி ஆரம்பத்திலிருந்து ஒலித்தது. நின்றது. ஐந்தாறு தடவை அப்படியே. பிறகு ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது. வழக்கத்தைவிட முக்கால் மணி நேரம் முன்னாலேயே போய்விட்டாள். டீயும் போட்டு வைக்கவில்லை.

பத்து மணிக்கு மகள் போன் செய்தாள்.

"நைனா, கேமை ஒடைச்சிட்டீங்களா?"

"ஒடையல. ஓடுதே. மேல ஓடுதான் வுட்டுக்கிச்சு."

"அம்மா அதுல ஒரு சீசன் ஆடிக்கினு இருந்தாங்க, தெரியுமா உங்களுக்கு?"

அவனுக்குத் தெரியாது. பூங்குழலி சொல்லித்தான் தெரிந்தது. அந்தக் கேமில் ஒரு முழு வருஷப் போட்டி இருந்தது. பன்னிரண்டு அணி, ஆளுக்கு அறுபது ஆட்டம், கடைசியில் முதல் நான்கு அணிக்குக் கோப்பைக்கான சுற்று. ஆடின வரைக்கும் கேசட்டே ஞாபகம் வைத்துக்கொள்ளும். ரஞ்சனி பச்சைச் சட்டை அணியை எடுத்துக்கொண்டு, விடிகாலை அவன் தூங்கும்போது சத்தத்தைக் குறைத்து வைத்து தினம் ஓர் ஆட்டம், முடிந்த நாளில் இரண்டு என்று ஆடிவந்தாள். ஐம்பத்திரண்டு ஆட்டம் முடித்திருந்தாள். அணி இரண்டாவது இடத்தில் இருந்தது. தினமும் டிரிப்புக்கு நடுவில் மகளுக்குப் போன் போட்டு, யார் கோல் போட்டான், யாருக்கு அடிபட்டுவிட்டது என்று சொல்லுவாளாம்.

"இப்ப எல்லாம் அழிஞ்சிடுச்சாம் நைனா. அம்மா போன்ல அழுவுறாங்க. நீங்க ஆபரேஷன்ல இருந்தப்பகூட அவங்க அழுவல."

மதியம் ரஞ்சனி வந்தாள். அவன் சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"எனக்குத் தெர்ல ரஞ்சனி."

"தெரியாதுதான்."

"நேத்து ஸ்கூல்லேர்ந்து போன் பண்ணாங்க. என்னை வேன் இன்சார்ஜா போட்டுட்டாங்க."

அவள் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். "அத நேத்தே சொல்லியிருக்கலாம்" என்றாள். "முட்டி போச்சு, வேலை மாறிப்போச்சு, கோவம் வருது. எனக்குப் புரியாதா? ஆனா எனக்கு இன்னா இருந்தது சொல்லுங்க. காலைல கண்ணு முழிச்சா ஆட்டோ, ராத்திரி கண்ணை மூடினா ஆட்டோ சத்தம். அந்த முக்கா மணி நேரம் மட்டும் ஒருத்தரும் என்னை ஏறு எறங்குன்னு சொல்லல. அதையும் பீரோ மேல அடிச்சிட்டீங்க."



அடுத்த நாள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு ராஜாராம் காந்தி பஜாருக்கு நடந்தான். ஆபரேஷனுக்குப் பிறகு அவ்வளவு தூரம் நடப்பது அதுதான் முதல் தடவை. நான்கு இடத்தில் நின்று நின்று போனான். பஜாரில் டி.வி., ரேடியோ, செல்போன் எல்லாம் பழுது பார்க்கும் புஷ்பதந்தன், கேசட்டைத் திறந்து லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"பி.டி. சார், இதுக்குள்ள காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்குது பாருங்க. கரண்ட் இல்லாதப்ப ஸ்கோரை எல்லாம் இதுதான் புடிச்சி வெச்சிருக்கும். விழுந்ததுல அதோட கால் விட்டுப்போச்சு. வேற போட்டுத் தரேன்."

"அதுல இருந்தது திரும்பி வருமா?"

"எப்பிடி சார் வரும்? இனிமே ஆடுறதுதான் நிக்கும். போனது போனதுதான்."

ஈயம் வைத்துப் புது பேட்டரி பொருத்திய கேசட்டை அவன் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தான். அவள் வாங்கவில்லை. "எனக்கு வேணாம். மொதல்லேர்ந்து ஐம்பத்திரண்டு ஆட்டம் யாரு ஆடுறது? நீங்களே வெச்சிக்கோங்க."

அப்படிச் சொன்னதுதான் அவனுக்கு யோசனையைக் கொடுத்தது. அந்த ஐம்பத்திரண்டு ஆட்டத்தையும் தானே ஆடிவிட்டு, விட்ட இடத்தில் அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். ஜூன் வரை பகல் முழுக்க அவனுக்கு வேறு வேலை இல்லை. மறுநாள் அவள் ஆட்டோ தெருமுனை திரும்பியதும் பெட்டியைப் போட்டான். சீசனைத் தேர்ந்தெடுத்தான். பச்சைச் சட்டை அணியை எடுத்தான்.

முதல் ஏழு ஆட்டமும் தோல்வி.

எட்டாவது ஆட்டத்தில் இரண்டு கோல் முன்னால் இருந்தான். ஒரு நிமிஷம்தான் பாக்கி. கரண்ட் போய்விட்டது. ஃபேனும் நின்று வீடு அமைதியானபோது அவன் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். எறிவதற்குக் கை பரபரத்தது. மெதுவாக அதைத் தரையில் வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். முடியாத ஆட்டத்தைக் கேசட் கணக்கில் சேர்க்காது. அதே ஆட்டத்தை மறுபடி ஆடி ஐந்துக்கு ஒன்று தோற்றான்.

ஒரு நாளைக்கு மூன்று ஆட்டம் ஆடினான். வெயில் ஏற ஏற முதுகு வியர்த்து நாற்காலியில் ஒட்டியது. பெருவிரலில் கொப்புளம் வந்து காய்த்துப்போயிற்று. முன்கூட்டியே எதிர்ப் பக்கம் திருப்பி நிறுத்தக் கற்றுக்கொள்ள நாலு நாள் ஆயிற்று. ஆட்களை இடிக்கக் கை வரவில்லை. யாரையும் உடம்பால் முட்டக் கூடாது என்று அத்தனை வருஷம் பிள்ளைகளிடம் கத்தியவன், பட்டனை அமுக்கும் முன் அரை வினாடி தயங்குவான். அந்த அரை வினாடியில் எதிரி போய்விடுவான். ஏ பட்டனைப் பதினாறாவது ஆட்டத்தில்தான் முதன்முறையாக அமுக்கினான். அமுக்கியபோது எதிரி வட்டோடு வந்துகொண்டிருந்தான். அவனுடைய பழைய ஆட்கள் போய்க்கொண்டும் புதிய ஆட்கள் வந்துகொண்டும் இருந்தார்கள், கோலுக்கு முன்னால் ஒருவரும் இல்லை. அதுவும் ஒரு கோல்.

எப்போதாவது ஜெயித்தான். ஜெயித்த நாளில் யாரிடமும் சொல்ல முடியவில்லை. மகளுக்கு மட்டும் விஷயம் தெரியும். "இன்னிக்கி எவ்ளோ நைனா?" என்று கேட்பாள். "அஞ்சுக்கு ரெண்டு." "யாருக்கு அஞ்சு?" அவன் சாப்டியா என்று பேச்சை மாற்றிவிடுவான்.

முப்பத்தேழாவது ஆட்டத்தின்போது மாட்டிக்கொண்டான். ஆட்டோவில் ஆக்சிலேட்டர் வயர் அறுந்துபோய், ரஞ்சனி பதினோரு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள். அவன் கவனிக்கவில்லை. "ஏய், வட்டைக் குடுடா! குடுடான்றேன்! ஏண்டா நீயே வெச்சிக்கினு சாவுற!" என்று திரையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான். மூன்றுக்கு பூஜ்யம் என்று ஆட்டம் முடிந்தது. எல்லா அணிகளும் நிற்கும் வரிசை திரையில் வந்தது.

"பச்சைச் சட்டையா?" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது.

அவன் திரும்பினான். பொய் சொல்ல வழியில்லை. "ஐம்பத்திரண்டு வரைக்கும் நானே ஆடி, நீ வுட்ட எடத்துல கொண்டாந்து குடுக்கலாம்னு பாத்தேன்."

அவள் டி.வி.க்கு அருகில் போய் வரிசையை விரலால் மேலிருந்து கீழே தொட்டுக்கொண்டே வந்தாள். விரல் கடைசி வரியில் நின்றது. ஐந்து வெற்றி, இரண்டு சமன், முப்பது தோல்வி.

"நான் ரெண்டாவது எடத்துல வெச்சிருந்தேன்."

"தெரியும்."

"இது பன்னெண்டாவது எடம்."

"தெரியும் ரஞ்சனி."

அவள் ஆட்டக்காரர்கள் பட்டியலைத் திறந்து பார்த்தாள். பார்க்கப் பார்க்க முகம் சிவந்தது. "பதினேழாம் நம்பரை எதுக்கு மூணாவது செட்டுல தள்ளினீங்க? அவன்தான் எனக்கு அதிகமா கோல் போட்டவன்!"

"அவன் சொன்ன பேச்சு கேக்க மாட்டறான். முன்னாடி முன்னாடி ஓடிடறான்."

"அவன் ஓடத்தான் வந்தான்! நீங்க வட்டை முன்னாடி அனுப்பிட்டு அப்புறம் அவனை அனுப்பணும். இது என் டீம். இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க இதை!"

அவளுக்கு நிஜமாகவே கோபம். அதைப் பார்த்து ராஜாராமுக்கு ஏனோ மூச்சு சீரானது. இரண்டு வாரமாக அவள் அவனிடம் சோறு, மாத்திரை, துணி என்று மட்டும்தான் பேசியிருந்தாள்.

"அழிச்சிட்டு முதல்லேர்ந்து வேணா ஆரம்பி" என்றான்.

அவள் யோசித்தாள். அவன் கைப் பெருவிரலைப் பார்த்தாள். கொப்புளம் உடைந்து தோல் தடித்திருந்தது. "அழிக்க வேணாம்" என்றாள். இரண்டாவது ரிமோட்டை எடுத்து ஏதேதோ மாற்றினாள். இரண்டு பேரும் எதிரெதிராக இல்லாமல் ஒரே அணியில் ஆடும்படி அதில் வைக்கலாம். பெட்டி வந்த நாளிலிருந்து அப்படி ஒன்று இருப்பதை ராஜாராம் கவனித்ததே இல்லை. பதினேழாம் நம்பரை முதல் செட்டுக்குக் கொண்டுவந்தாள். "இன்னும் இருபத்திமூணு ஆட்டம் பாக்கி இருக்குது. காலைல அஞ்சேகாலுக்கு எழுந்திரிங்க."

ஒரே அணியில் ஆடுவது எதிரணியில் ஆடுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவன் பாஸ் கேட்டுக் கத்துவான், அவள் கொடுக்கமாட்டாள். அவள் கொடுக்கும்போது அவன் தவறான இடத்தில் நிற்பான். தூங்குகிற அக்கம்பக்கத்தாருக்காக இருவரும் கிசுகிசுவென்று சண்டை போட்டார்கள்.

"நடுவுல வராதீங்க. பின்னாடி நில்லுங்க."

"நான் சென்டர் ஹாஃப் ரஞ்சனி. நடுவுலதான் ஆடணும்."

"இதுல சென்டர் ஹாஃபே கெடையாது. நீங்க டிஃபென்ஸ். வர்றவனை இடிங்க, போதும்."

"இடிக்க எனக்கு மனசு வரல."

"உளுந்து போட்டவனை நெனைச்சிக்கினு இடிங்க."

அவன் இடித்தான். எதிரி தலைகுப்புறப் போய்ச் சுவரில் விழுந்தான். வட்டு தனியாகக் கிடந்தது. அதை எடுத்து, முன்னால் அனுப்பாமல், ஒரு கணம் பிடித்து வைத்திருந்து, ரஞ்சனியின் ஆள் நீலக் கோட்டுக்கு வந்த பிறகு கொடுத்தான். அவள் பதினேழாம் நம்பருக்குத் தட்டிவிட்டாள். அவன் வந்த வேகத்திலேயே அடித்தான். கோலி அசையவே இல்லை.

ரஞ்சனி சத்தம் போடாமல் அவன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

இருபத்திமூன்றில் பதிமூன்று ஆட்டம் ஜெயித்தார்கள். அணி கடைசியிலிருந்து மேலே வந்து ஒன்பதாவது இடத்தில் முடிந்தது. கோப்பைச் சுற்றுக்கு அது போதாது. அறுபதாவது ஆட்டத்தை அவர்கள் தோற்றதே ராஜாராம் போன ஆஃப்சைடால்தான். சமனாக இருக்கும்போது ரஞ்சனி போட்ட கோல் செல்லாமல் போயிற்று. அன்று அவள் ஒன்றும் பேசாமல் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போனாள். மதியம் வந்த பிறகுதான் திட்டினாள். அதற்குள் என்னென்ன சொல்ல வேண்டும் என்று டிரிப் முழுக்க யோசித்து வைத்திருந்தாள்.

ஜூனில் ராஜாராம் பள்ளிக்குப் போனான். பாதி கிரவுண்டில் வேன்கள் நிற்கின்றன. எந்த வேனில் எத்தனை பிள்ளைகள் ஏறினார்கள் என்று பார்த்து எழுதுவது அவன் வேலை. கராத்தே மாஸ்டர் நல்ல பையன்தான், அவன்மேல் கோபப்பட வழியில்லை. அதுவும் ராஜாராமுக்கு எரிச்சல்தான். படியேறினால் முட்டி இன்னும் வலிக்கிறது. ஹாக்கி மட்டைகள் பன்னிரண்டையும் ஆய்வகத்துக்குப் பின்னாலிருக்கும் அறையில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். சாவி கேட்டு இரண்டு முறை எழுதிக் கொடுத்திருக்கிறான், பதில் இல்லை. மூன்றாவது முறை எழுதி வைத்திருக்கிறான்.

காலையில் ஐந்தேகாலுக்கு எழுகிறார்கள். இரண்டாவது சீசன் ஓடிக்கொண்டிருக்கிறது, பதினொரு ஆட்டம் முடிந்திருக்கிறது, பச்சைச் சட்டை அணி ஏழாவது இடத்தில் இருக்கிறது. இதில் குறைந்தது மூன்று தோல்விக்கு ராஜாராம்தான் காரணம் என்று ரஞ்சனி சொல்கிறாள். இரண்டு என்று அவன் சொல்கிறான்.